டைம்லாப்ஸ்: கேமராவுக்கு முன்னால் எதை வைப்பது?

கொடைக்கானலுக்குப் போன இடத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ட்ரைபாடை (முக்காலியை) நிறுத்தி, குளிரில் இரண்டு மணி நேரம் காத்திருந்து படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தால் மலை அப்படியே நிற்கிறது. வானம் வெறும் நீலம். ஓரத்தில் ஒரு மரக்கிளை மட்டும் வெடவெடவென்று நடுங்குகிறது. டைம்லாப்ஸ் (நேரத்தைச் சுருக்கிக் காட்டும் படம்) எடுக்கத் தொடங்கிய பலரும் இந்த ஏமாற்றத்தோடுதான் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது, "வேறு கேமரா வாங்க வேண்டுமா?" என்று.

வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனே பெரும்பாலான வேலைக்குப் போதும். கோளாறு, எடுக்கத் தேர்ந்துகொண்ட பொருளில் இருக்கிறது. அதைச் சரியாகத் தேர்ந்துகொள்வது எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் இப்படி ஆகிறது?

புகைப்படத்துக்குப் பழகிய கண் அழகான காட்சியைத் தேடும். டைம்லாப்ஸுக்கு அழகு இரண்டாம்பட்சம்; முதலில் வேண்டியது மாற்றம். அந்த மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும். அதே சமயம் நாம் காத்திருக்கும் நேரத்துக்குள் நடந்து முடியவும் வேண்டும். மலையும் மாறத்தான் செய்கிறது. அதைப் பார்க்க நம் ஆயுள் போதாது. மரக்கிளையும் அசைகிறது; ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பலமுறை போய்வந்துவிடுகிறது. அதனால்தான் படத்தில் அது நடுக்கமாகத் தெரிகிறது.

கணக்கு எளிது. வீடியோ ஒரு வினாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்) வீதம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 10 வினாடிக் காட்சிக்கு 250 படங்கள் வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே விடும் நேரத்துக்கு இன்டர்வெல் (இடைவெளி) என்று பெயர். 4 வினாடிக்கு ஒரு படம் எடுத்தால், 4-ஐ 25-ஆல் பெருக்கி, 100 மடங்கு வேகத்தில் உலகம் ஓடும். இந்த 100 மடங்கில் மேகம் அழகாக உருண்டு போகும். ஆனால் 5 மணி நேரத்தில் விரியும் பூ 3 நிமிடத்துக்கு இழுக்கும். பார்ப்பவருக்குப் பொறுமை போய்விடும். தெருவில் நடப்பவர்களோ ஒரு ஃப்ரேமில் இருப்பார்கள், அடுத்த ஃப்ரேமில் காணாமல் போயிருப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு நடை உண்டு. அது தெரிந்த பிறகே கேமராவை நிறுத்த வேண்டும்.

கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள்

ஒன்று, இதில் எது மாறுகிறது? விடையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "மாவு பொங்கி மேலே வருகிறது", "நிழல் சுவரை விட்டு இறங்குகிறது" என்பதுபோல. "காட்சி நன்றாக இருக்கும்" என்பது விடை ஆகாது.

இரண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை எவ்வளவு நேரம்? அதை வினாடியாக்கி, உங்களுக்கு வேண்டிய படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இன்டர்வெல் கிடைத்துவிடும். 5 மணி நேரம் என்றால் 18,000 வினாடி. 300 படங்கள் போதும் என்றால் 60 வினாடிக்கு ஒரு படம். வீடியோ 12 வினாடி ஓடும்.

மூன்று, அவ்வளவு நேரமும் கேமரா அசையாமலும் வெளிச்சம் தாறுமாறாக மாறாமலும் இருக்குமா? சார்ஜ் தாங்குமா?

நான்காவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வதே இல்லை. நாளைக்கும் இது நடக்குமா? டைம்லாப்ஸில் முதல் முயற்சி அநேகமாகத் தவறும். அதனால் திரும்பத் திரும்ப நடக்கிற, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிற பொருள்தான் தொடக்கக்காரருக்கு ஏற்றது. வருடத்துக்கு ஒருமுறை போகும் மலையில் தவறு செய்தால் அடுத்த வருடம்தான் திருத்த முடியும். வீட்டு மாடியில் செய்த தவறை மறுநாளே திருத்தலாம்.

பொருள் சரியில்லை என்பதைக் காட்டும் அறிகுறிகள்

எடுத்த படங்களில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், நடுவில் எத்தனை நூறு படங்கள் இருந்தாலும் பயன் இல்லை. பொருளையோ நேரத்தையோ மாற்றுங்கள்.

வித்தியாசம் இருந்தும் அசைவு துள்ளித் துள்ளி வந்தால், பொருளின் நடைக்கு இன்டர்வெல் அதிகம். முப்பந்தல் காற்றாலைகளை எடுப்பவர்களுக்கு இது நேரும். இறக்கை சில வினாடிகளில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு கோணத்தில் சிக்குகிறது. வீடியோவில் சுழல்வதற்குப் பதிலாகத் தத்தளிப்பதுபோலத் தெரியும். அங்கே இறக்கையை விட்டுவிட்டு, காற்றாலைகளின் மேல் ஊர்ந்து போகும் மேக நிழலை எடுக்கலாம்.

வெளிச்சம் கூடியும் குறைந்தும் மினுக்கினால் அது ஃப்ளிக்கர் (வெளிச்ச நடுக்கம்). ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானே வெளிச்சத்தை அளந்து முடிவெடுப்பதால் வருவது. எக்ஸ்போஷர் (உள்ளே விழும் வெளிச்ச அளவு), ஃபோகஸ் (குவியம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்து, ஓர் அளவில் நிறுத்திவிடுங்கள். வீட்டு மின்விளக்கில் எடுத்தால் ஷட்டரை (ஒளி விழும் நேரம்) 1/50 வினாடிக்கு வையுங்கள். இங்கே மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்பதால் விளக்கின் துடிப்பு படத்தில் ஏறாது.

அடுப்படியில் தொடங்குங்கள்

தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் பொருள் இட்லி மாவு. நான்கு கேள்விகளுக்கும் அது சரியாக விடை சொல்கிறது. லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்தக் குமிழ்கள்தான் மாவைத் தூக்குகின்றன. சென்னை வெக்கையில் 8 முதல் 10 மணி நேரத்தில் பொங்கிவிடும். குளிர்ந்த ஊரில் இன்னும் நேரம் பிடிக்கும். 10 மணி நேரம், 2 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 300 படங்கள். 12 வினாடி வீடியோ.

மாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பாதி அளவே ஊற்றுங்கள். மேல்பாதி காலியாகத் தெரியும்படி ஃப்ரேமை வையுங்கள்; மாவு ஏறப்போகும் இடம் அதுதான். மூடியை உள்ளே நீர் கோக்காதபடி லேசாக வையுங்கள். ஜன்னலைத் திரை போட்டு மூடி, ஒரே ஒரு எல்இடி விளக்கை இரவு முழுதும் எரிய விடுங்கள். போனைச் சார்ஜரில் செருகி, ஒரு கிலோ அரிசிப் பையின் மேல் அழுத்தி உட்கார வைத்தால் அசையாது. காலையில் பாத்திரத்தை எடுக்கும் முன் கேமராவை நிறுத்துங்கள்.

இதே முறையில் பச்சைப்பயறு முளைவிடுவதை எடுக்கலாம். ஊற வைத்த பயறை ஈரத்துணியில் பரப்பி, 5 நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் இரண்டு நாள் எடுத்தால் 576 படங்கள், சுமார் 23 வினாடி. துணி காயாமல் தண்ணீர் தெளிக்கும்போது துணியை இழுத்துவிடாதீர்கள். பயறு இடம் மாறினால் வீடியோவில் குதிக்கும்.

மொட்டும் கொடியும்

தாவரங்கள் அசைவதைப் பதிவு செய்யும் ஆசை சினிமாவைவிட மூத்தது. சார்லஸ் டார்வின் கொடியின் நுனி போகும் வழியைக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டார். தாவரங்களின் அசைவு பற்றிய அவருடைய நூல் 1880-ல் வந்தது. இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910-ல் பூக்கள் மலர்வதைப் படமாக்கித் திரையில் காட்டினார். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்கள் இன்று உங்கள் மாடித் தொட்டியிலும் இருக்கின்றன.

பூவில் நேரம் தெரிந்தவற்றையே எடுங்கள். அந்திமந்தாரை பின்மதியத்துக்குப் பிறகு விரிகிறது. பீர்க்கம்பூவும் மாலைப் பூ. செம்பருத்தி காலையில் விரியும். முதல் நாள் கேமரா இல்லாமல் உட்கார்ந்து, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதற்கு அரை மணி முன்னதாகக் கேமராவைத் தொடங்குங்கள்.

நிஷாகந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரம்ம கமலம் என்றும் வீடுகளில் சொல்வார்கள். இரவு 8 மணி வாக்கில் விரியத் தொடங்கி நள்ளிரவுக்குள் முழுதாக மலர்ந்து, விடியும்போது துவண்டுவிடும். முதல்முறை நான் எடுத்தபோது மொட்டை ஃப்ரேமின் நடுவில், இதழ் நரம்பு தெரியும் அளவுக்கு நெருக்கமாக வைத்தேன். கொக்கிபோல வளைந்த காம்பில் அது தலைகுனிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மெல்லிய செந்நிறக் கீற்றுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்தன. உள்ளே வெள்ளை இதழ்களின் நுனி பிரிந்து விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. அதற்குள் காம்பும் நிமிர்ந்துகொண்டே வந்தது. 9 மணிக்குப் பார்த்தபோது பூவின் பாதி ஃப்ரேமுக்கு மேலே போயிருந்தது. அன்றிலிருந்து எந்த மொட்டானாலும் அதன் அகலத்தைப்போல இரண்டு மடங்கு இடத்தைச் சுற்றிலும், மேலே இன்னும் சற்றுக் கூடுதலாகவும் விட்டுத்தான் எடுக்கிறேன். தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, மின்விசிறியை நிறுத்தி, பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொடிக்கு வேறு நடை. பாகற்கொடியின் பற்றுச்சுருள் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே பிடிமானம் தேடுகிறது. 2 நிமிட இன்டர்வெலில் அரை நாள் எடுத்தால் அந்தத் தேடல் தெளிவாகத் தெரியும். ஒரு குச்சியைச் சற்றுத் தள்ளி நட்டு வையுங்கள். சுருள் அதைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும் இடத்தில் உங்கள் வீடியோவுக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அதையும் விடாதீர்கள். மாலை 5 மணியிலிருந்து ஆறேகால் வரை, ஒரே ஒரு கிளையைக் குறிவைத்து, 15 வினாடிக்கு ஒரு படம். 300 படங்களில் இலைகள் மடங்குவது பதிவாகும். பொழுது சாயச் சாயப் படம் இருட்டும் என்பதால், தொடங்கும்போது வெளிச்சத்தைச் சற்றுத் தூக்கலாகவே வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளாகப் பாருங்கள்.

வானமும் வெயிலும்

மேகத்துக்கு நாள் பார்க்க வேண்டும். கோடையில் வெறும் நீல வானத்தை எடுத்துப் பயன் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காசி, பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழிப் பக்கம் மேகம் வேகமாக ஓடும். 2 வினாடி இன்டர்வெல் போதும். அரை மணி நேரத்தில் 900 படங்கள், 36 வினாடி. உயரத்தில் மெதுவாக நகரும் மேகத்துக்கு 5 முதல் 10 வினாடி. கீழே ஒரு மரமோ கோபுரமோ நிலையாக நிற்கட்டும். அது இருந்தால்தான் மேகம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

நிழல் நல்ல பொருள். அதைக் கவனிப்பவர்கள் குறைவு. மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, 20 வினாடிக்கு ஒரு படம் வீதம் நண்பகலை ஒட்டி இரண்டு மணி நேரம் எடுத்தால் 360 படங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று குச்சியின் நிழல் சுருங்கிச் சுருங்கி மறைந்து, மறுபக்கம் முளைப்பதைக் காட்டலாம். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு எடுக்க ஏற்ற பொருள் இது.

சூரியன் மறைவதிலிருந்து இரவு வரை தொடர்ந்து எடுப்பதை முதல் வருடத்தில் தொடாதீர்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி நேரம் குறைவு; சூரியன் இறங்கி அரை மணிக்குள் இருட்டிவிடும். அவ்வளவு வேகமாகக் குறையும் வெளிச்சத்தைப் பின்தொடரத் தனிப் பயிற்சி வேண்டும். சூரியன் கடலைத் தொடும் வரை எடுத்து நிறுத்துங்கள்.

விண்மீன்களுக்கு நிலவில்லாத இரவும், ஊர் வெளிச்சம் எட்டாத இடமும் வேண்டும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 24 மி.மீ. லென்ஸில் ஷட்டரை 20 வினாடி திறந்து, 25 வினாடிக்கு ஒரு படம் வீதம் இரண்டு மணி நேரம் எடுத்தால் 288 படங்கள். துருவ விண்மீனைச் சுற்றி வட்டம் எடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்திலுமே இருக்கிறது. வடக்கே கட்டடமோ மரமோ மறைக்காத வெளி வேண்டும்.

தெருவும் கட்டுமானமும்

கூட்டத்தை எடுக்கும்போது ஆட்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டத்தின் ஓட்டத்தைப் பாருங்கள். உயரமான மாடியிலிருந்து, 1 அல்லது 2 வினாடி இன்டர்வெலில், ஷட்டரை அரை வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் மனிதர்கள் இழைந்து ஓடுவார்கள். பகலில் அதற்கு என்டி ஃபில்டர் (ஒளி குறைக்கும் கண்ணாடி) தேவைப்படும். திருவாரூர் ஆழித்தேர் போன்ற தேரோட்டம் இதற்கு மிகவும் ஏற்றது: தேர் மெதுவாக நகர்கிறது, வடம் பிடிப்பவர்கள் அலைபோல நகர்கிறார்கள். அதைவிடச் சிறிதாகத் தொடங்க, மார்கழி வாசலில் போடும் கோலம் இருக்கிறது. மாடியிலிருந்து நேர் கீழே பார்த்தபடி, 3 வினாடிக்கு ஒரு படம். 20 நிமிடக் கோலத்துக்கு 400 படங்கள். கோலம் போடுகிறவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் எடுக்கும் பொருளுக்கு முன்மாதிரி 1901-ல் நியூயார்க்கில் எடுக்கப்பட்ட படம். ஸ்டார் தியேட்டர் என்ற கட்டடத்தை இடித்ததை, நாளுக்கு 8 மணி நேரம், 4 நிமிடத்துக்கு ஒரு படம் என்று எதிர்ப்புறத்திலிருந்து எடுத்தார்கள். நின்ற கட்டடம், காலி மனை; தொடக்கமும் முடிவும் அவ்வளவு தெளிவு. உங்கள் வீடு கட்டும்போது இதைச் செய்யலாம். வெயிலிலும் மழையிலும் கேமராவை விட்டுவைக்க முடியாது என்றால், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஓர் அடையாளம் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் போனை அதே இடத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். வருடத்துக்கு 365 படங்கள், 14 வினாடிக்குச் சற்று மேல். ஏரி நிறைவதும் வற்றுவதும் இந்த முறையில் நன்றாக வரும்.

செய்யக் கூடாதவை

"எல்லாவற்றுக்கும் 5 வினாடி போதும்" என்று சிலர் சொல்வார்கள். மேகத்துக்குச் சரி, மொட்டுக்குச் சரிப்படாது. பொருளை அளந்து இன்டர்வெலை வையுங்கள்.

மொட்டைச் சீக்கிரம் விரிய வைக்க வெந்நீர் தெளிப்பது, இதழை விரலால் பிரித்துவிடுவது வேண்டாம். இதழின் ஓரம் கருகும். அந்தக் கறை கடைசி ஃப்ரேம் வரை தெரியும்.

சூரியனை ஜூம் லென்ஸால் எடுக்க எக்ஸ்ரே ஃபிலிம், புகைபிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதையும் பயன்படுத்தாதீர்கள். கேமராவின் சென்சார் (ஒளி உணரி) கெடும். வியூஃபைண்டர் (பார்வைத் துளை) வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு நிரந்தரக் கேடு வரும். லென்ஸின் முன்பக்கம் பொருத்தும் சோலார் ஃபில்டர் மட்டுமே பாதுகாப்பு.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்கள், கோயில்கள், ரயில் நிலையங்கள், துறைமுகங்கள், அணைகள் ஆகிய இடங்களில் ட்ரைபாட் வைக்கும் முன் உரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலோ வாசலோ மணிக்கணக்கில் ஃப்ரேமுக்குள் இருக்கக் கூடாது.

தவறு நேர்ந்தால்

நடுவில் ஒரு காகம் லென்ஸின் முன் வந்து உட்கார்ந்தாலும், யாராவது குறுக்கே போனாலும் பதற வேண்டாம். 300 படங்களில் ஒன்றிரண்டை நீக்கினால் தெரியாது. பதறிப்போய்க் கேமராவைத் தொட்டுத் திருப்புவதுதான் திருத்த முடியாத தவறு. மின்சாரம் போனால், பவர்பேங்க் இருந்தால் கேமரா ஓடும்; விளக்குக்கும் பேட்டரி விளக்கு ஒன்று துணையாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போன் சூடாகித் தானே அணைந்தால், அடுத்தமுறை அதன் மேல் வெள்ளைத் துணியால் நிழல் கொடுங்கள். மலையில் இரவில் லென்ஸ் பனித்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். துடைத்தால் ஃபோகஸ் நகரும்.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஒரு நோட்டில் ஐந்து விவரங்களை எழுதி வையுங்கள்: பொருள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இன்டர்வெல், என்ன தவறியது. இன்றிரவு மாவு அரைத்ததும் தொடங்குங்கள். காலையில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்திருந்தாலோ, விளக்கு மினுக்கியிருந்தாலோ அதையும் எழுதுங்கள். அடுத்தமுறை மாவு அரைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி எடுங்கள். ஒரே பொருளை மூன்று முறை எடுத்த பிறகு, கொடைக்கானலுக்குக் கிளம்பலாம். பள்ளத்தாக்கின் முன் நிற்கும்போது மேகம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நிமிடத்தில் எதிர்மலையை மூடுகிறது என்று முதலில் நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். கேமராவைப் பையிலிருந்து எடுப்பது அதற்குப் பிறகுதான்.